புதிதாகப் பூட்டிய பழைய புல்லட்: பழுதை ஆவணமாக வாசித்தல்

பழைய புல்லட் ஒன்றை முழுமையாகக் கழற்றுகிறார்கள். சிலிண்டரைக் கடைந்து புதிய பிஸ்டன் ஏற்றி, வால்வுகளை அரைத்து உட்கார்த்தி, பாயிண்ட், கண்டன்சர், ஒயரிங் அனைத்தையும் புதிதாக்கிப் பூட்டுகிறார்கள். பூட்டிய வண்டி, கழற்றுவதற்கு முன் ஓடியதைவிட மோசமாக ஓடுகிறது. சில வேளைகளில் ஓடவே மறுக்கிறது. தில்லி கரோல் பாக்கின் சந்துகளில் பட்டறை வைத்திருக்கும் எவரும் இதைக் கேட்டு வியப்படைய மாட்டார். தொழில்நுட்ப வரலாறு பயிலும் நாம்தான் இங்கே சற்று நின்று கேட்க வேண்டியிருக்கிறது: பாகங்கள் எல்லாம் புதியவை என்றால் பழுது எங்கிருந்து வருகிறது?

பட்டறை அறிவு குறித்து வட இந்திய நகரங்களில் சில ஆண்டுகளாகக் களக்குறிப்புகள் எடுத்து வருகிறேன். அவற்றிலிருந்து எனக்குத் தெளிவாகும் செய்தி இது. மறுகட்டுமானத்துக்குப் பிறகு தோன்றும் பழுதுகளில் பல, அந்த வண்டிக்குள் ஐம்பது ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த சிறு சமரசங்களை நாம் அறியாமல் துடைத்துவிட்டதால் வருபவை. எனவே அப்பழுது ஒரு சான்று. எதைத் துடைத்தோம் என்பதை அது பின்னோக்கிச் சொல்கிறது.

முதலில் வண்டியின் வரலாறு, சுருக்கமாக. 346 சிசி, 70 மில்லிமீட்டர் விட்டம், 90 மில்லிமீட்டர் வீச்சு கொண்ட ஒற்றைச் சிலிண்டர் புல்லட், இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் 1949 முதல் உற்பத்தியானது. 1950களின் தொடக்கத்தில் எல்லைக் காவலுக்காக இந்திய இராணுவம் அதைத் தேர்ந்தெடுத்தது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் ரெட்டிச் நிறுவனமும் இணைந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. அடுத்த ஆண்டு திருவொற்றியூர் ஆலை திறக்கப்பட்டது. இங்கிலாந்திலிருந்து பெட்டிகளில் வந்த பாகங்களைப் பூட்டுவதே அதன் முதல் வேலை. அவ்வாண்டு இறுதிவரை வெளிவந்தவை 163 வண்டிகள். பின்னர் அச்சுகளும் கருவிகளும் கப்பலேறி வந்தன. 1960களின் தொடக்கத்தில் பாகங்கள் அனைத்தும் உள்நாட்டிலேயே தயாராயின. ரெட்டிச் ஆலை 1967இல் மூடப்பட்டது. இங்கிலாந்தில் எஞ்சியிருந்த உற்பத்தியும் 1970இல் நின்றது. தாய் ஆலை மறைந்த பின்னும், அதன் 1955ஆம் ஆண்டு வடிவம் திருவொற்றியூரில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு தொடர்ந்தது. வார்ப்பிரும்புச் சிலிண்டர் கொண்ட அந்த எஞ்சின் விடைபெற்றது 2010 வாக்கில்தான்.

இதனால் 'விண்டேஜ்' என்ற சொல் இந்தியப் புல்லட்டின் விஷயத்தில் தடுமாறுகிறது. 1962இல் பிறந்த வண்டிக்கு 1985இல் தயாரான பிஸ்டனும், 1998இல் தயாரான கார்புரேட்டரும் பொருந்தும். பொருந்தும் என்றால் போல்ட் துளைகள் ஒத்துப்போகும் என்பதே பொருள். இசைந்து வேலை செய்யும் என்பது வேறு கேள்வி. இடைப்பட்ட பல பத்தாண்டுகள் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டின், இறக்குமதிக் கட்டுப்பாட்டின் காலம். ஆலையின் உதிரிபாகம் கிடைக்காதபோது கடைத்தெருப் பாகம் ஏறியது. அது அளவில் ஒரு நூல் கூடவோ குறையவோ இருந்தால், பட்டறைக்காரர் அரத்தால் தேய்த்தோ, மெல்லிய ஷிம் வைத்தோ, காகிதப் பேக்கிங்கைத் தடிமனாக வெட்டியோ ஈடுகட்டினார். இந்த ஈடுகட்டல்கள் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. வண்டியில் மட்டும் இருந்தன.

நான் பார்த்த ஓர் எஞ்சினில், கார்புரேட்டருக்கும் சிலிண்டர் தலைக்கும் இடையே திருமண அழைப்பிதழ் அட்டையை வெட்டிச் செய்த பேக்கிங் இருந்தது. தங்க மையின் மினுக்கம்கூட ஓரத்தில் தெரிந்தது. மீட்டெடுப்பில் ஆர்வம் மிகுந்த உரிமையாளர் அதைக் கண்டு முகம் சுளித்து, கடையில் வாங்கிய மெல்லிய, 'முறையான' பேக்கிங்கை வைக்கச் சொன்னார். வண்டி உயிர்பெற்றது, ஆனால் நிலைகொள்ளவில்லை. ஐட்லிங்கில் தானாக வேகமெடுப்பதும், தணிவதும், கார்புரேட்டர் வழியே தும்முவதுமாக இருந்தது. பலமுறை இறுக்கி இறுக்கிக் கார்புரேட்டரின் முகப்புத் தகடு வளைந்துபோயிருந்தது. அந்த வளைவை நிரப்பியிருந்தது அழைப்பிதழின் தடிமன்தான். மெல்லிய பேக்கிங் வந்ததும் காற்று புகுந்து கலவை வறண்டது. முகப்பைக் கண்ணாடி மேல் விரித்த உப்புத்தாளில் தேய்த்துச் சமன்படுத்திய பிறகே வண்டி அடங்கியது.

இனி, நம் துறைக்கு நெருக்கமான ஓர் ஆவண வகைக்கு வருகிறேன். பட்டறைக் கையேடுகளின் இறுதியில் பழுதறியும் அட்டவணை ஒன்று இருக்கும்: அறிகுறி, காரணம், நிவர்த்தி. மருத்துவ நூல்களின் வாரிசு என்று அதைச் சொல்லலாம். அந்த அட்டவணை இரண்டு அனுமானங்களைச் சொல்லாமல் வைத்திருக்கிறது. வண்டி இதற்கு முன் சரியாக ஓடியது என்பது ஒன்று. ஒரு நேரத்தில் ஒரு பாகம் மட்டுமே கெடும் என்பது மற்றொன்று. மறுபடி பூட்டிய எஞ்சினுக்கு இவ்விரண்டும் பொருந்தா. இந்தச் சேர்க்கையில் அது என்றுமே ஓடியதில்லை. மூன்று பிழைகள் ஒரே நேரத்தில் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டிருக்கலாம். ஆகவே அனுபவமிக்க உஸ்தாதுகள் (வட இந்தியப் பட்டறைகளில் மூத்த மெக்கானிக்கை அப்படித்தான் அழைப்பார்கள்) அட்டவணையை ஒதுக்கிவிட்டு வேறொரு கேள்வியிலிருந்து தொடங்குகிறார்கள்: கடைசியாகக் கை பட்ட இடம் எது?

ஒரே அறிகுறி எத்தனை வரலாறுகளிலிருந்து பிறக்க முடியும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. புதிதாகப் பூட்டிய புல்லட் பத்துப் பதினைந்து நிமிடம் நன்றாக ஓடி, நடுச்சாலையில் அணைந்துவிடுகிறது. அரைமணி நேரம் ஆறவிட்டால் எதுவுமே நடக்காதது போல மீண்டும் ஓடுகிறது. இதற்குக் குறைந்தது மூன்று காரணங்கள் உண்டு. கடைத்தெருக் கண்டன்சர் சூட்டில் தளர்ந்து, பாயிண்ட்டில் பொறி எரிந்து, பிளக்கில் மின்பொறி செத்திருக்கலாம். அல்லது பெட்ரோல் டேங்கின் மூடியிலுள்ள நுண்ணிய காற்றுத்துளையைப் புதுப் பெயிண்ட் அடைத்திருக்கலாம். பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் உண்டாகி ஓட்டம் நின்றுபோகும். அல்லது கடைசல்காரர் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே விட்ட இடைவெளி, புதுப் பிஸ்டனின் உலோகக் கலவை சூட்டில் விரியும் அளவுக்குப் போதாமல், பிஸ்டன் கவ்வியிருக்கலாம். மூன்றும் ஆறினால் சரியாகிவிடும். வண்டியை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டுவந்து மறுநாள் ஆராய்பவருக்கு எதுவும் அகப்படாது.

அணைந்த கணத்திலேயே, அங்கேயே விசாரிக்க வேண்டும். கிக்கரை மெல்ல அழுத்தினால் வழக்கத்தைவிட இறுக்கமாக இருக்கிறதா? அப்படியானால் பிஸ்டன், மேலும் உதைப்பது சிலிண்டரைக் கீறும். டேங்க் மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே இழுபடுகிறதா? அப்படியானால் மூடித்துளை. இரண்டும் இல்லையெனில் பிளக்கைக் கழற்றி, எஞ்சின் உடலில் சாய்த்து உதைத்து, பொறியின் நிறத்தையும் வலுவையும் பார்க்க வேண்டும். முழுமையாக விசாரிக்க மூன்று நிமிடம் போதும். ஆனால் அந்த மூன்று நிமிடத்தை விட்டால் சான்று மறைந்துவிடும்.

மூன்று காரணங்களும் மூன்று வெவ்வேறு காலங்களைச் சேர்ந்தவை என்பதே என் கவனத்தை ஈர்த்தது. கண்டன்சர், தட்டுப்பாட்டுக் காலம் உருவாக்கிய மாற்றுப்பாகச் சந்தையின் வாரிசு. அடைபட்ட மூடி, பளபளப்பை விரும்பும் இன்றைய சேகரிப்புப் பண்பாட்டின் விளைவு. கவ்விய பிஸ்டன், ரெட்டிச்சில் எழுதிய ஓர் அளவுக்கும் வேறெங்கோ வார்த்த ஓர் உலோகத்துக்கும் இடையிலான முரண். பெயிண்ட் செய்யும் குறும்பு இத்தோடு நிற்பதில்லை. மின்சாரம் சட்டத்தின் வழியே பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். எஞ்சின் பொருந்தும் இடங்களிலும், எர்த் ஒயர் இறுகும் இடத்திலும் தடிமனாகப் பூச்சு ஏறியிருந்தால் விளக்கு மங்கும், பொறி தளரும். பழைய வண்டியின் துருவும் சிராய்ப்பும் மின்சுற்றின் பகுதியாக இருந்தன என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். வோல்ட்மீட்டரை வைத்துப் பார்த்தவர்கள் மறுக்கமாட்டார்கள்.

பொறி பாயும் நேரத்தைப் பற்றி ஒரு செய்தி. பழைய புல்லட் ஓட்டுநர்களிடம் தந்தை மகனுக்குக் கற்றுத்தரும் ஒரு சடங்கு உண்டு. சாவியைத் திருப்பி, கிக்கரை மெல்ல அழுத்தி, ஹெட்லைட் மேலுள்ள ஆம்மீட்டரின் முள்ளைப் பார்க்க வேண்டும். பாயிண்ட் மூடியிருக்கும்வரை முள் ஒருபக்கம் சாய்ந்திருக்கும். அழுத்த வீச்சின் உச்சியை நெருங்கும்போது பாயிண்ட் திறந்து முள் நடுவுக்குத் திரும்பும். அங்கே டீகம்ப்ரஷர் நெம்பை இழுத்து, பிஸ்டனைச் சற்றே தாண்டவிட்டு, நெம்பை விடுவித்து ஒரே உதை. பலர் இதைப் புல்லட்காரர்களின் பந்தா என்று எண்ணுகிறார்கள். உண்மையில் இது ஒவ்வொரு காலையும் நிகழும் பழுதறிதல். முள் அசையவே இல்லையெனில் பாயிண்ட் மூடவில்லை, அல்லது மின்சாரம் வரவில்லை. சாய்ந்த முள் திரும்பவே இல்லையெனில் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது அதன் காப்பு வாஷரைப் பூட்டும்போது மாற்றி வைத்துவிட்டார்கள். முள் திரும்பும் இடத்தில் கிக்கரின் அழுத்தம் உணரப்படவில்லையெனில், டிஸ்ட்ரிபியூட்டர் தவறான வீச்சில் பூட்டப்பட்டிருக்கிறது.

டைமிங் குறிக்கும் தூரமோ மிகச் சிறியது. தானியங்கி அட்வான்ஸ் முழுமையாகப் பின்வாங்கிய நிலையில், பிஸ்டன் உச்சியை அடைய ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கும்போது பாயிண்ட் திறக்க வேண்டும். அட்வான்ஸ் எடைகளை இழுத்துப் பிடிக்கும் சிறு ஸ்பிரிங்குகள் தளர்ந்திருந்தால், எவ்வளவு துல்லியமாக வைத்தாலும் பொறி முந்திக்கொள்ளும். கிக்கர் திருப்பி உதைக்கும். கணுக்கால் வீங்கிய பலர் டைமிங்கைக் குறைசொல்லி, ஸ்பிரிங்கைப் பார்க்காமல் விட்டிருக்கிறார்கள். முன்பிருந்த மெக்கானிக் டைமிங்கைச் சற்றுப் பின்தள்ளி வைத்திருந்தால், தளர்ந்த ஸ்பிரிங்கை அவர் அறிந்து செய்த ஈடாக அது இருக்கலாம். புத்தக அளவுக்கு மாற்றியதும் ஈடு போய்விடுகிறது, நோய் மிஞ்சுகிறது.

இதுவரை சொன்னவை வண்டியை நிறுத்தும் பழுதுகள். எஞ்சினைக் கொல்லும் பழுது எண்ணெய்ப் பாதையில் இருக்கிறது. ரெட்டிச் வடிவமைப்பாளர்கள் கனெக்டிங் ராடின் பெரிய முனையில் உருளைகளுக்குப் பதிலாக மிதக்கும் புஷ் ஒன்றை வைத்தார்கள். அது உலோகத்தின் மேல் உலோகம் படாமல் எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்க வேண்டிய பாகம். அந்த எண்ணெய், கிராங்க் தண்டின் நுனியில் சுழலும் புரிப்பல் இயக்கும் பிளஞ்சர் பம்பிலிருந்து, டைமிங் மூடிக்குள் இருக்கும் நுண்பாதை வழியாக, சிறிய தடுப்பு வளையம் ஒன்றைக் கடந்து, சுழலும் தண்டுக்குள் நுழைகிறது. வளையம் பிய்ந்திருந்தால், அல்லது எண்ணெய் கசியக்கூடாதென்று தாராளமாகப் பூசிய ஒட்டுப்பசை பாதைக்குள் பிதுங்கியிருந்தால், அல்லது கடைத்தெருப் பேக்கிங்கில் எண்ணெய்த் துளை சரியான இடத்தில் வெட்டப்படாமல் இருந்தால், வெளியே ஒரு சொட்டும் ஒழுகாத, பார்ப்பதற்கு அழகான எஞ்சின் சில கிலோமீட்டரில் உள்ளே அழிந்துவிடும். எண்ணெய் ஒழுகுவது புல்லட்டின் பிறவிக்குணம் என்பது பழைய கேலி. அந்தக் கேலிக்கு அஞ்சிப் பூசிய பசையே பல எஞ்சின்களைக் கொன்றிருக்கிறது என்பது உஸ்தாதுகளின் கூற்று. பிழைப்பதற்கு வழி எளிது. முதல் முறை உயிர்ப்பித்தவுடன், சிலிண்டர் தலைக்கு எண்ணெய் கொண்டுசெல்லும் குழாயின் போல்ட்டைச் சற்றே தளர்த்திப் பார்க்க வேண்டும்; அங்கே எண்ணெய் கசிந்தால் திரும்பு பம்பு வேலை செய்கிறது. முன்செல்லும் பம்புக்கும் தனியே சான்று தேட வேண்டும். கண்ணுக்குத் தெரியாததைப் 'புதிது' என்ற ஒரே காரணத்தால் நம்புவது இங்கே விலை மிகுந்த நம்பிக்கை.

ஒலியைக் கேட்டறிவது தனிக் கல்வி. மேலே கேட்கும் மெல்லிய சடசடப்பு டாப்பெட். குளிரில் உரத்தும் சூடேறியதும் தணிந்தும் கேட்பது பிஸ்டன். இழுவையின்போது ஆழத்திலிருந்து வரும் மந்தமான தட்டல் பெரிய முனை. டாப்பெட் இடைவெளிக்கு இந்த எஞ்சினில் ஃபீலர் தகடுகூட வேண்டியதில்லை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது புஷ்ராடு விரலால் உருட்டினால் உருள வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. கையேடே அப்படித்தான் சொல்கிறது. ஆலையின் ஆவணம் தன் அதிகாரத்தை விரல்நுனிக்கு ஒப்படைத்த இடம் அது. புதிதாக உட்கார்த்திய வால்வுகள் முதல் சில நூறு கிலோமீட்டரில் இன்னும் சற்று அமிழும். இடைவெளி தானாகக் குறையும். கவனிக்காவிட்டால் வால்வு முழுமையாக மூடாமல் அழுத்தம் கசியும். ராக்கர் தாங்கிகளின் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் ஒன்றாகக் கடைந்த ஜோடிகள். கழற்றிக் கழுவி ஒரே தட்டில் போட்டு, ஜோடி மாற்றிப் பூட்டினால் ராக்கர் இறுகும். ஒன்றாகத் தேய்ந்தவற்றைப் பிரிப்பது பற்றிய என் வாதத்துக்கு இதைவிடப் பருப்பொருளான சான்று கிடைக்காது.

இப்போது நான்காவது காலம் ஒன்று உள்ளே வந்திருக்கிறது. 2023 பிப்ரவரியில் தொடங்கி, இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் பரவிவிட்டது. ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய எடையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். கலவைக்கு அது 13.5 அளவில் வருகிறது. பழைய ஜெட்டின் துளை மாறாதிருக்க, அதே அளவு எரிபொருளே இறங்குவதால், எஞ்சின் வறண்ட கலவையில் சூடாக ஓடுகிறது. பிளக் வெளுத்திருப்பதைக் கண்டு பூட்டியவரைக் குறைசொல்கிறார்கள். டேங்குக்குள் துருவை மறைக்கப் பூசிய பழைய பிசின் பூச்சுகள் எத்தனாலில் இளகி, செதிலாகி, ஜெட்டை அடைப்பதும் நடக்கிறது. கையேடு எழுதப்பட்ட காலத்துப் பெட்ரோல் இன்று எந்தப் பங்கிலும் விற்பனையில் இல்லை. கையேட்டின் எண்களை அப்படியே பின்பற்றுவது, மூலபாடத்தை அதன் சூழலிலிருந்து பிரித்து வாசிக்கும் பிழைக்கு ஒப்பானது. அதை நம் மாணவர்கள் முதல் பருவத்திலேயே கற்றுக்கொள்கிறார்கள்.

கார்லோ கின்ஸ்பர்க் 1979இல் எழுதிய தடயங்கள் பற்றிய கட்டுரையில், காதுமடலையும் நகத்தையும் பார்த்து ஓவியரை இனங்கண்ட மொரெல்லி, ஷெர்லக் ஹோம்ஸ், ஃப்ராய்டு மூவரையும் ஓர் அறிமரபில் வைத்தார். பிளக்கின் நிறத்தை வாசிக்கும் மெக்கானிக்கும் அந்த மரபில் இடம்பெறத் தக்கவர் என்பது என் கருத்து. ஆனால் ஒரு வேறுபாடு: அவரால் ஒன்றை மாற்றி, மற்றவற்றை அப்படியே விட்டு, மீண்டும் உதைத்துப் பார்க்க முடியும். நாம் கடந்த காலத்தை மீண்டும் உதைத்துப் பார்க்க முடியாது. நகலெடுக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்ப்போரிடையே களப்பணி செய்த ஜூலியன் ஓர், அவர்கள் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் கதைகளிலேயே பழுதறியும் அறிவு தங்கியிருக்கிறது என்று காட்டினார். நம் பட்டறைகளிலும் அப்படியே. டேவிட் ஆர்னால்டு இந்தியாவின் அன்றாடத் தொழில்நுட்பத்தை எழுதியபோது மிதிவண்டி, தையல் இயந்திரம், தட்டச்சுப்பொறி, அரிசி ஆலை ஆகியவற்றை எடுத்துக்கொண்டார். மோட்டார் சைக்கிள் பட்டறைக்கு அத்தகைய ஒரு நூல் இன்னும் தேவைப்படுகிறது.

அதற்கான காலம் குறுகிவருகிறது. பாயிண்ட் வைத்த எஞ்சினில் தொழில் பழகிய தலைமுறை ஓய்வுபெறுகிறது. அவர்களிடம் பயில்வோர் இன்று கணினியைச் செருகிக் குறியீட்டெண் வாசிக்கிறார்கள், அதில் தவறேதும் இல்லை. என் மனக்குறை 'ஒரிஜினல்' என்ற சொல்லின் மீது. எந்த ஒரிஜினல்? 1955 ரெட்டிச்சா, 1965 திருவொற்றியூரா, அல்லது முப்பது ஆண்டுகள் ஒருவரை நாள்தோறும் அலுவலகத்துக்குக் கொண்டுசென்ற அந்த வண்டியேயா? 1977இல் சென்னைப் புல்லட் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகத் தொடங்கிய பிறகு, ரெட்டிச் வண்டி வைத்திருக்கும் ஆங்கிலேயர்கள் தங்கள் உதிரிபாகத் தேவைக்கு இந்தியாவைப் பார்க்கிறார்கள். இங்குள்ள சேகரிப்பாளர்களோ இந்தியக் கார்புரேட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு இங்கிலாந்திலிருந்து அமால் வரவழைக்கிறார்கள்.

களப்பணிக்குச் செல்லும் மாணவர்களுக்கு நடைமுறை சார்ந்த ஒரு வேண்டுகோள். பழைய எஞ்சின் திறக்கப்படும்போது உடனிருக்க வாய்த்தால், கழிக்கப்படும் ஷிம், பேக்கிங், அரம் பட்ட சாவி, தகரத்துண்டு ஒவ்வொன்றையும் எந்த இடத்திலிருந்து வந்தது என்ற குறிப்புடன் படமெடுத்து, தடிமனை மைக்ரோமீட்டரில் அளந்து வையுங்கள். பூட்டிய பிறகு முதல் ஆயிரம் கிலோமீட்டரில் தோன்றும் பழுதுகளைத் தேதியிட்டு எழுதுங்கள். எதை மாற்றியபோது எது மாறியது என்பதையும் சேர்த்து. நான் இவ்வாறு பின்தொடர்ந்த வண்டி ஒன்றில் கண்டன்சர் அதன் உரிய இடத்தில் இல்லை. டேங்குக்கு அடியில், எஞ்சினின் சூடு எட்டாத இடத்தில், வேறொரு வண்டியின் கண்டன்சர் ஒயர் நீட்டிக் கட்டப்பட்டிருந்தது. புதிய உரிமையாளர் அதை எடுத்து உரிய இடத்தில் புதியதைப் பூட்டச் செய்தார். வண்டி பதினெட்டு நிமிடம் ஓடியது. பழைய கண்டன்சர் பட்டறையின் தகர டப்பாவில் இன்னும் கிடந்ததால், அன்று மாலையே அது டேங்குக்கு அடியில் மீண்டும் கட்டப்பட்டது.